மாமி வாசித்த அனுதாபக் கடிதம்

தீவுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சரவணைக் கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு கொம்பியூட்டர் வந்தபோது, அது யாழ்ப்பாணம் பஸ்ஸின் பின்சீற்றில், இரண்டு தலையணைகளுக்கு நடுவில், வெள்ளை வேட்டி ஒன்றால் போர்த்தப்பட்டு வந்தது. பக்கத்தில் முதலாளி அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். நானும் அதே பஸ்ஸில் நின்றிருந்தேன். பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் சாரதியைப் பார்த்து "மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"ரீவியோ அண்ணை?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"ரீவி இல்லை. கொம்பியூட்டர்."

"அதில என்ன படம் போடலாம்?"

முதலாளி வேட்டியை இழுத்து மூடினார். பதில் அவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் அழைத்தார்கள். இருபத்தாறு வருடங்கள் தெற்கில் ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. மனைவியோடு, உடுத்த உடுப்போடு, கப்பலில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு கடை இல்லாவிட்டாலும் பெயர் போகவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு வெளிக்கிட்டுவிடுவார். வெளிக்கிட்டபின் போவதற்குத்தான் இடம் இருக்காது. எண்பத்தெட்டில் கொழும்புக்கு ஒரு அலுவலாகப் போன இடத்தில், தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரின் மேசையில் கொம்பியூட்டரைக் கண்டிருக்கிறார். அடுத்த மாதம் அது எங்கள் பஸ்ஸில் வந்தது.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சந்தியில் நான்கு தட்டச்சு மெசின்களை வைத்து ரைப்பிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வேட்டிக்குக் கீழே இருப்பது கொம்பியூட்டர் என்று கேட்டதும் எனக்கு அந்த வகுப்புத்தான் நினைவுக்கு வந்தது. இனி யார் என்னிடம் ரைப்பிங் பழக வருவார்கள்? மூன்றாம் நாள் முதலாளி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, எனக்கு உம்மட்ட ஒரு உதவி வேணும். நான் அதைக் கொளுவிப் போட்டன். ஆனா அது ஒண்டும் செய்யுதில்லை."

போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. "ரெண்டு நாளா இப்பிடித்தான் நிக்குது. நான் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு நிக்குது போல" என்றார் முதலாளி, ஏதோ புதிதாக வேலைக்கு வந்து கூச்சப்படுகிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

இருவரும் சேர்ந்து வகுப்பு நடத்துவது என்று பேசி, அன்றைக்கே என் நான்கு மெசின்களும் அவர் வீட்டு முன்னறைக்குப் போயின. நான் மூன்று வாரம் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஒரு வகுப்பில் படித்து வந்தேன். அங்கே தந்த நாற்பது பக்கக் கொப்பிதான் எனக்கும் அறிவு, எனக்குப் பிறகு படித்தவர்களுக்கும் அறிவு.

முதல் நாள் பின்னேரம் முன்னறையில் ஊரே கூடிவிட்டது. ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்க்கிற காலம் அது. பாய் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தவர்களும் இருந்தார்கள். நான் கொம்பியூட்டரைப் போட்டு, என் பெயரை அடித்து, அதை அழித்து, மறுபடியும் அடித்துக் காட்டினேன்.

"பாட்டு ஒண்டும் இல்லையோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"இல்லை."

"அப்ப சரி" என்று பாயைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழும்பினார்கள். முதலாளி மட்டும் திரையைப் பார்த்தபடி, "அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதலாம் எண்டது சின்ன விசயமே?" என்றார். அதை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

வகுப்புக்குப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். இருந்தது ஒரு கொம்பியூட்டர்தான். அதுவும் கரண்ட் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும். எங்கள் பக்கம் கரண்ட் வருவதும் போவதும் தன் விருப்பப்படி. அதனால் சவர்க்காரப் பெட்டி மட்டைகளை வெட்டி, தட்டச்சு மெசினில் இல்லாத கட்டைகளும் சேர, கொம்பியூட்டரின் எழுத்துக்களைப் பேனையால் கீறி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பத்துப் பேர் மட்டையில் அடிக்க, ஒருவர் மெசினில் அடிப்பார். மட்டையில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை ஒருநாள் முகம் வாடி, "அக்கா, பிழையா அடிச்சிட்டன், இதை எப்பிடி அழிக்கிறது?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அழிக்கும் கட்டையைக் காட்டினேன். அவள் மட்டையில் அதை அமத்திவிட்டு நிம்மதியாகத் தொடர்ந்தாள்.

மாணவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அறுபத்தாறு வயது. நல்ல ஆங்கிலம். தந்தி அடிப்பதில் பேர் எடுத்தவர். "உலகம் எங்க வந்து நிக்குதெண்டு பாக்காமல் சாகக்கூடாது" என்று சொல்லிச் சேர்ந்தார். முதல்முறை அவர் மெசினுக்கு முன்னால் இருந்து நிதானமாக ஒரு வரி அடித்தார். எங்கேயோ ஓர் எழுத்துத் தவறிவிட்டது. 'பாட் கொமாண்ட்' என்று திரை சொல்லிற்று. கிழவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கெட்ட கட்டளையாம். முப்பத்தாறு வருசம் உத்தியோகம் பாத்தனான். ஒரு மேலதிகாரியும் என்னைப் பாத்து இப்பிடிச் சொன்னதில்லை."

முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "ஐயா, அது எல்லாருக்கும் சொல்லும். எனக்குக் காலமை நாலு தரம் சொன்னது."

"உமக்கும் சொன்னதோ?"

"ஓம் ஐயா. தங்கச்சிக்கும் சொல்லும்."

"ஆளைப் பாத்துச் சொல்லேல்லை எண்டால் பரவாயில்லை" என்று சொல்லி அவர் மறுபடியும் அடிக்கத் தொடங்கினார். சொல்பவருக்கு மனசில் ஒன்றும் இல்லை என்றாலும் கேட்பவருக்குச் சுடுகிறது. மனிதரைப் போலப் பேசாவிட்டாலும் எங்களை மனிதரைப் போல நோகப்பண்ண அந்தப் பெட்டிக்கு அன்றே தெரிந்திருந்தது.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் பின்வீதியில் இருந்த ஒரு தாய் வந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில். அவனுக்கு ஒரு கடிதத்தைக் கொம்பியூட்டரில் அடித்துத் தரவேண்டும் என்றார்.

"இதில தமிழ் வராது அக்கா. இங்கிலீஸ் எழுத்து மட்டும்தான்" என்றேன்.

"தமிழை இங்கிலீஸ் எழுத்தில அடிக்க ஏலாதோ?"

"அடிக்கலாம். ஆனா நீங்கள் கையால எழுதினால் அவருக்கு வாசிக்க நல்லா இருக்குமே?"

"கையால எழுதி எழுதித்தானே இவ்வளவு காலமும் அனுப்பினனான். அங்க எல்லாரும் இதிலதான் எழுதுறவையாம். எங்கட சரவணையிலயும் இருக்கெண்டு அவன் ஒருக்கால் பாக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பசு கன்று போட்டது. மழை பிந்திவிட்டது. கோயிலில் கொடியேறிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய செய்தியைச் சொன்னார். அவருடைய கணவரின் தமக்கை அடுத்த ஒழுங்கையில் இருந்தார். மகனுக்கு மாமி. அவன் சின்ன வயதில் பாதி நாள் சாப்பிட்டது மாமி வீட்டுக் குசினியில்தான். மாமிக்கு ஒரு மகள். அவளை அவனுக்கு என்று இரு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனான். அந்தப் பெண் வேறிடத்தில் நன்றாகத்தான் மணம் முடித்தாள். ஆனால் மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. போன கிழமை மாமி தானாகப் படலையைத் திறந்து வந்து, தன் கையால் வெயிலில் காயவைத்த செத்தல் மிளகாயும் ஒடியல் மாவும் ஒரு பையில் தந்திருக்கிறார், "அவனுக்கு அனுப்பு" என்று சொல்லி.

"அதை வடிவா எழுது பிள்ளை" என்றார். எழுதினேன்.

பிரிண்டரைப் போட்டேன். அது கிறீச்சிட்டுக் கொண்டு வரிவரியாக அடித்தது. முக்கால்வாசித் தாள் வந்ததும் கரண்ட் போய்விட்டது. காத்திருந்தோம். வரவில்லை. தபால்கந்தோர் பூட்டப் போகிறது என்று அவர் அந்தரப்பட்டார். "வந்தமட்டும் போதும். மிச்சத்தை நான் அடியில எழுதிவிடுறன்" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு ஓடினார். கொடுக்கும்முன் நான் ஒருதரம் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சொற்கள்தானே, கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தாயும் மாமியும் ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள். தாயின் முகம் வெளிறியிருந்தது. மாமி உயரமான, நிமிர்ந்த மனுசி. கையில் நீல நிறக் கடித உறை ஒன்று இருந்தது.

"பிள்ளை, என்னைச் சாகடிச்சது நீரோ, உந்தப் பெட்டியோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி உறையை நீட்டினார். கனடாவில் இருந்து அந்த மகன் எழுதிய கடிதம் மாமியின் கணவருக்கு, அதாவது அவனுடைய மாமாவுக்கு, வந்திருந்தது. மாமா கண் ஒப்பரேசன் செய்து கட்டோடு படுத்திருந்தார். அதனால் மாமியே பிரித்து அவருக்கு உரத்து வாசித்திருக்கிறார். 'அன்புள்ள மாமா, மாமி எங்களை விட்டுப் போய்விட்டா என்ற செய்தி நேற்றுத்தான் கிடைத்தது' என்பது முதல் வரி. மாமி அங்கே நிறுத்திவிட்டார். மாமா, "ஏன் நிப்பாட்டிப்போட்டாய்? வாசி, ஆராம் போனது?" என்று கேட்டாராம்.

"நான்தானாம்" என்றாராம் மாமி.

வகுப்பில் யாரும் மட்டையில் அடிக்கவில்லை. தபாலதிபர்தான் எழும்பி வந்தார்.

"அடிச்ச கடிதம் டிஸ்கில இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"எடும் பாப்பம். எந்த வரியோட கரண்ட் போனது?"

திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. 'மாமி செத்தல்' என்பதோடு ஒரு வரி முடிந்திருந்தது. மிளகாயும் ஒடியல் மாவும் அடுத்த வரியில். அந்த அடுத்த வரிதான் தாளில் ஏறவில்லை. செத்தல் என்றாலும் செத்தாள் என்றாலும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரித்தான் வரும்.

"அதுக்குக் கீழ நீங்கள் கையால என்ன எழுதினனீங்கள்?" என்று தாயைக் கேட்டார்.

தாய் யோசித்து யோசித்துச் சொன்னார். "இதுக்கு மேல இண்டைக்கு எழுத ஏலாமல் கிடக்கு. நீ ஒண்டுக்கும் யோசியாதை. இப்ப இஞ்ச வர வெளிக்கிடாதை. நேரத்துக்குச் சாப்பிடு."

தபாலதிபர் கதிரையில் இருந்துவிட்டார். "முப்பத்தாறு வருசம் தந்தி அடிச்சிருக்கிறன். செத்த செய்தியே எத்தினை ஆயிரம் அடிச்சிருப்பன். உயிரோட இருக்கிற ஒராளையும் நான் சாகடிக்கேல்லை" என்றார். மாமியின் வாய் ஓரம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியாமல் நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"அழாதையும்" என்றார் மாமி. "செத்தவளே அழேல்லை." பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "இதை ஒருக்கால் திருப்பி வாசியும். நேற்று அந்த மனுசன் இடையில இடையில கேள்வி கேட்டு என்னை வடிவா வாசிக்க விடேல்லை" என்று கடிதத்தை என்னிடம் தந்தார்.

ஐந்து பக்கம். கையெழுத்து. கூவைக்கட்டு வந்து கன்னம் வீங்கிப் படுத்திருந்தபோது மாமி கஞ்சி பருக்கியதை எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய நாளெல்லாம் முதலில் மாமி வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டே வீட்டுக்கு வந்ததை எழுதியிருந்தான். நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'நான் வெளிக்கிட்ட அன்று விடிய மாமி வேலியோடு நின்றவ. கையில் ஈரம். சேலையில் துடைத்துக்கொண்டு நின்றவ. நான் கண்டும் காணாதமாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போனேன். நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பஸ் போயிருக்காது. இனி நான் யாரிடம் போய் அதைச் சொல்ல?'

மாமி கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"அவன் என்னைக் கண்டிருக்கிறான்" என்றார், பக்கத்தில் நின்ற தாயைப் பார்த்து. "மச்சாள், அவன் கண்டிருக்கிறான். நான் இவ்வளவு நாளும் அவன் காணேல்லை எண்டெல்லே நினைச்சனான். கண்டிருந்தால் நிண்டிருப்பான், காணாததாலதான் போனவன் எண்டு மனசைத் தேத்திக்கொண்டிருந்தனான்."

தாய் அவருடைய தோளில் கையை வைத்தார். பிறகு மாமி எழும்பி, "ஆருக்கு ரெலிபோன் எடுக்கத் தெரியும்? நான் சாகேல்லை எண்டு அவனுக்கு இண்டைக்கே சொல்லவேணும்" என்றார்.

தபாலதிபருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துத் தொலைபேசிக் கந்தோரில் அவருக்கு ஆட்களையும் தெரியும். அடுத்த பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே ஏறினேன். பண்ணைப் பாலத்தடி ஆமிச் சோதனைச் சென்றியில் பஸ்ஸால் இறக்கி நடக்கவிட்டார்கள். நல்ல வெயில். மாமி எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

இரண்டு மணி நேரம் சுவரோரத்து மர வாங்கில் இருந்து காத்திருந்தோம். அழைப்புக் கிடைத்ததும் முதலில் தாய்தான் பேசினார். "மோனை, நான் அம்மா. ஓம். ஓம். அழாதை. ஒருத்தரும் சாகேல்லை. அது மிளகாய். மிளகாயடா." மறுபக்கம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை போலிருந்தது. மாமி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"ஆர் எண்டோ? மாமி. உனக்கு எத்தினை மாமி? செத்தவதான் கதைக்கிறன்."

பிறகு வெகுநேரம் மாமி ரிசீவரைக் காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பிக்குள் யாரோ விக்குவது எங்களுக்கும் மெல்லக் கேட்டது.

"ஏன்ரா, அம்மா செத்தாள் எண்டு எழுதுவாவே? நாங்கள் எவ்வளவு கோவத்திலயும் அப்பிடி மரியாதை இல்லாமல் கதைச்சதில்லையே... ஓ, அதுதான் உனக்குப் பெரிய கவலையோ? அவ இன்னும் என்னில கோவம் எண்டு நினைச்சனியோ? இல்லையடா. கோவம் இல்லை. இஞ்ச பக்கத்திலதான் நிக்கிறா." கொஞ்சம் கேட்டார். "என்ன? எனக்காக முப்பத்தொரு நாளும் மச்சம் சாப்பிடாமல் இருக்கப் போறியோ? எத்தினை நாளாச்சு? அட பாவி. நாளைக்கே மீன் வாங்கிச் சமை. நான் சொல்லுறன், சமை." கடைசியாகக் குரல் இறங்கியது. "ஓம். வாசிச்சனான். எல்லாம் வாசிச்சனான். பரவாயில்லை. அண்டைக்கு நான் கூப்பிட்டிருக்கலாம்தானே. நானும் கூப்பிடேல்லை."

நேரம் முடிந்து வைத்துவிட்டார்கள். மாமி ரிசீவரைத் திரும்பக் கொடுக்க மறந்து கையில் பிடித்தபடி நின்றார். தபாலதிபர்தான் மெல்ல வாங்கி வைத்தார்.

திரும்பி வரும்போது மாமியும் தாயும் ஒரே சீற்றில் இருந்தார்கள். நான் பின்னால் இருந்தேன். இருவரும் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்று வருடத்தில் ஊரில் யார் யார் காணி விற்றார்கள், யார் வீட்டில் யாருக்குக் கலியாணம் என்று வேலணைச் சந்தி வரும்வரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பேசாமல் விட்டதை எல்லாம் பேசி முடிக்க ஒரு பஸ் பயணம் போதவில்லை.

முதலாளிதான் உடைந்து போயிருந்தார். இனி யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று இரவெல்லாம் நித்திரை இல்லையாம். ஆனால் கதை ஊரெல்லாம் பரவி, புளியங்கூடலில் இருந்தும் மடத்துவெளியில் இருந்தும் ஆட்கள் அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்க வந்தவர்களை மட்டும் நான் அடிக்க விடவில்லை. விசாப் படிவமா, விண்ணப்பமா, ஆங்கிலக் கடிதமா, மெசினில் அடித்துக் கொடுப்பேன். பிள்ளைக்கு எழுதுவது என்றால் அவர்களை இருத்தி, கேட்டுக் கேட்டுக் கையால் தமிழில் எழுதி, கடைசியில் ஒவ்வொரு வரியையும் உரத்து வாசித்துக் காட்டுவேன். கொம்பியூட்டர் வகுப்பில் கையெழுத்துக் கடிதம் எழுதிக்கொடுக்கிற இடம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று தபாலதிபர் சொல்லிச் சிரிப்பார். அவரே அந்தக் கடிதங்களுக்கு முத்திரை ஒட்டிக் கொடுப்பார்.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை மூண்டு கரண்ட் நின்றது. இந்தமுறை திரும்ப வரவில்லை. சில மாதங்களில் தீவு ஆட்கள் பெரும்பாலும் பட்டணப் பக்கம் இடம்பெயர்ந்து போனார்கள். நாங்களும் போனோம். புறப்படுகிற அன்று முதலாளி வீட்டுக்குப் போனேன். கொம்பியூட்டருக்குப் பாய் சுற்றி, கயிறு போட்டு, அறையின் மூலையில் நிறுத்தியிருந்தார். கொண்டுபோக வாகனம் இல்லை.

"ஒருக்கால் கடையை விட்டிட்டு வந்தனான். இப்ப இதை விட்டிட்டுப் போறன்" என்றார். "அப்ப என்னட்டச் சாவிகூட இருக்கேல்லை தங்கச்சி. இந்தமுறை பூட்டிப்போட்டுப் போறன் பாரும்."

கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். காலை ஏழு மணி இருக்கும். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டோடு நின்றார். மனைவி படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வீதிக்கு ஏறினோம்.